ஒரு நாள் ஜனாதிபதி?

அமெரிக்காவின் மிஸௌரி மாநிலத்தில் பிளாட்ஸ்பர்க் என்று ஒரு சிறிய ஊர். அங்குள்ள ஒரு கல்லறை வாசகம் பார்ப்பவரைத் திகைக்க வைக்கும். 1849 மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை, அந்த ஒரு நாள் மட்டும் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர் இங்கே உறங்குகிறார் என்கிறது அது. பெயர் டேவிட் ரைஸ் ஆட்சிசன். ஜனாதிபதிகளின் அதிகாரபூர்வமான பட்டியலில் இந்தப் பெயர் கிடையாது.

குழப்பத்துக்குக் காரணம் காலண்டர். ஜேம்ஸ் போல்க்கின் பதவிக்காலம் அன்று நண்பகலோடு முடிந்தது. அடுத்து வரவேண்டிய ஜெனரல் ஜகரி டெய்லரோ, ஓய்வு நாளான ஞாயிறன்று பதவிப் பிரமாணம் எடுக்க மறுத்துவிட்டார். விழா திங்களுக்குத் தள்ளிப்போனது. துணை ஜனாதிபதி மில்லார்ட் ஃபில்மோரும் திங்களன்றுதான் பிரமாணம் எடுத்தார். இடைப்பட்ட நேரத்தில் நாட்டுக்கு யார் தலைவர்?

1792ம் ஆண்டுச் சட்டப்படி, ஜனாதிபதியும் துணை ஜனாதிபதியும் இல்லாவிட்டால் பொறுப்பு செனட்டின் தற்காலிகத் தலைவருக்குப் போகும். அந்த நாற்காலியில் இருந்தவர் மிஸௌரியின் செனட்டர் ஆட்சிசன். வயது 41. 'ஒரு நாள் ஜனாதிபதி' கதை பிறந்தது இப்படித்தான்.

ஆனால் சட்டத்தின் முன் இந்தக் கதை நிற்காது. பழைய காங்கிரஸ் மார்ச் 4ல் முடிந்தபோது செனட்டராக ஆட்சிசனின் காலமும் முடிந்தது. கூடவே தலைவர் பதவியும் போயிற்று. மறுநாள் கூடிய செனட் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தது. தவிர, பிரமாணம் எடுக்காததால் டெய்லர் ஜனாதிபதி இல்லை என்றால், பிரமாணமே எடுக்காத ஆட்சிசன் மட்டும் எப்படி ஜனாதிபதியாவார்? பணிகளைத் தொடங்குமுன் பிரமாணம் எடுக்க வேண்டும் என்றுதான் அமெரிக்க அரசியல் சட்டம் சொல்கிறது. எனவே டெய்லரின் பதவிக்காலம் ஞாயிறன்றே தொடங்கிவிட்டது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

பிற்கால ஜனாதிபதிகள் இந்த வம்புக்கு இடம் வைக்கவில்லை. 1917ல் வில்சன், 1957ல் ஐசன்ஹோவர், 1985ல் ரீகன், 2013ல் ஒபாமா ஆகியோர் ஞாயிறன்றே தனியாகப் பிரமாணம் எடுத்துவிட்டு, திங்களன்று விழாவை வைத்துக்கொண்டார்கள். இந்திய அரசியல் சட்டமோ இப்படியொரு இடைவெளி விழாமல் முன்பே பார்த்துக்கொண்டது. பதவிக்காலம் முடிந்தாலும், அடுத்தவர் பொறுப்பேற்கும் வரை ஜனாதிபதி பதவியில் தொடர்வார் என்கிறது 56வது ஷரத்து.

ஆட்சிசனே இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செனட் இரவெல்லாம் விழித்திருந்து வேலையை முடித்த களைப்பில், தன் 'ஆட்சி'யின் பெரும் பகுதியைத் தூங்கியே கழித்ததாகப் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்லிவந்தார்.

அவர் விழித்திருந்த நாட்கள் அத்தனை வேடிக்கையானவை அல்ல. ஆட்சிசன் அடிமைகளை வைத்திருந்தவர். அடிமை முறையின் தீவிர ஆதரவாளர். புதிய பிரதேசங்களுக்கும் அதைப் பரப்பும் வாய்ப்பைத் திறந்துவிட்ட 1854ம் ஆண்டின் கான்சாஸ் - நெப்ராஸ்கா சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர். 1855ல் கான்சாஸில் தேர்தல் நடந்தபோது மிஸௌரிக்காரர்கள் கும்பல் கும்பலாக எல்லை தாண்டிச் சென்று கள்ள ஓட்டுப் போட்டார்கள். வாக்காளர்கள் சுமார் 2,900 பேர்; விழுந்த ஓட்டுகளோ 6,300க்கும் மேல். அவர்களைத் தூண்டிவிட்டதில் ஆட்சிசனுக்குப் பெரும் பங்கு உண்டு. 1856 மே மாதம் அடிமை எதிர்ப்பாளர்களின் ஊரான லாரன்ஸ் சூறையாடப்பட்டபோது, தாக்கிய கும்பலோடு அவரும் இருந்தார்.

இவ்வளவு செய்தும் 1861ல் கான்சாஸ் அடிமை முறை இல்லாத மாநிலமாகவே அமெரிக்காவில் சேர்ந்தது. அங்கே ஓர் ஊர் இன்றும் ஆட்சிசன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த ஊர் மியூசியத்தில் உலகிலேயே மிகச் சிறிய ஜனாதிபதி நூலகம் என்ற பெருமையோடு அவருக்கு ஒரு மூலை.

பிளாட்ஸ்பர்க் கல்லறையில் அந்த ஞாயிற்றுக்கிழமை பத்திரமாக இருக்கிறது. லாரன்ஸ் ஊரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.