காட்டலும் கையளித்தலும்

மண்டைதீவு யாழ்ப்பாண நகருக்கு மிக அண்மையிலுள்ள தீவு. பண்ணைத் தாம்போதியால் நகரோடு இணைந்தது. எனினும் அவ்வூரவர் இன்று அவ்வூரில் மட்டும் வாழ்பவரல்லர். 1990ஆம் ஆண்டுப் போர்க்காலத்தே இடம்பெயர்ந்தோரும் அவர்தம் மக்களும் கனடா, ஐரோப்பா எனப் பலவிடத்தும் பரந்துள்ளனர். ஊர்க் கோயிலின் குடமுழுக்கு மலரொன்றை இணையத்தளத்தில் ஏற்றிவைத்ததாகக் கொள்க. அயல்நாட்டிலுள்ள ஒருவர் இணைப்பை அழுத்துகின்றார், மலர் உலாவியிலேயே விரிகின்றது, படித்து மூடுகின்றார். மலர் தம்மிடம் வந்துவிட்டதென்பது அவர் எண்ணம். உண்மையில் வந்தது காட்சியே. தளம் நின்றுபோயின் மலரும் இல்லை.

ஏட்டைப் பலர் கையில் வைத்தல் ஈழத்துத் தமிழர்க்கு வெறும் வசதி பற்றிய செய்தி அன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதவை அவற்றோடு ஒழிந்தன. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகளின் அருமை இதனாற் புலப்படும்.

இனி, கோப்பு ஏன் இறங்காது திறக்கின்றது? வழங்கியானது கோப்பை அனுப்புமுன் சில தலைக்குறிப்புகளை அனுப்பும். அவற்றுள் ஒன்று கோப்பின் வகையைக் கூறுவது. அவ்வகையைக் காட்டும் ஆற்றல் உலாவிக்கு இருப்பின் அது காட்டிவிடும். இல்லையேற் சேமிக்க முற்படும். முன்னாளில் உலாவிகள் பீடிஎஃப் கோப்பைத் தாமே காட்ட அறியா. குரோம் 2010இலும் ஃபயர்பாக்ஸ் 2013இலும் அவ்வாற்றலை உள்ளடக்கின. ஆகவே தளத்தில் எம்மாற்றமும் செய்யாதிருக்கவே, இறங்கிவந்த கோப்புகள் திறக்கலாயின.

இதற்குரிய முறையான மருந்து 'கொன்டென்ட்-டிஸ்பொசிஷன்' என்னும் தலைக்குறிப்பு. மின்னஞ்சலுக்கென 1995இல் வகுக்கப்பட்ட இக்குறிப்பு, இணையத்திற்குரிய தனி விதியாக 2011இற் செப்பஞ் செய்யப்பட்டது. இதன் மதிப்பு 'இன்லைன்' எனின், உலாவி கோப்பைக் காட்டும். 'அற்றாச்மென்ட்' எனின், சேமிக்கும். எங்கே சேமிப்பதென்று வினவுவதும் வினவாது சேமிப்பதும் படிப்பவர் தம் உலாவியிற் செய்த ஏற்பாட்டைப் பொறுத்தவை. அவற்றில் வழங்கிக்கு ஆட்சியில்லை.

சிலர் கோப்பின் வகையையே மறைத்து, இனந்தெரியாத எண்மத் தொகுதியென அறிவித்து இறக்கச் செய்வர். உப்புச் சாக்கிற் சீனியென்று எழுதுவதை ஒக்கும் இது, தவிர்க்கத்தக்கது. பக்கத்து இணைப்பிலேயே 'டவுன்லோட்' என்னும் பண்பைச் சேர்த்தல் எளிது. ஆனால் கோப்பு வேறொரு தளத்தில் இருப்பின் உலாவிகள் பொதுவாக அதனைப் பொருட்படுத்தா.

வாசகர் ஏற்றும் கோப்புகளை வெளியிடும் தளங்களுக்கு இக்குறிப்பு காவலுமாகும். தீயநிரல் பொதிந்த பக்கமொன்றை எவரேனும் ஏற்றினால், அதனைத் தளத்தினுள்ளே திறப்பது தளத்தின் உரிமையோடு அந்நிரலை இயங்கவிடுவதாகும். இறக்கச் செய்தால் அவ்வுரிமை அதற்குக் கிட்டாது. மலர், சஞ்சிகை முதலியவற்றுக்கோ 'படிக்க', 'சேமிக்க' என இரண்டு இணைப்புகள் வைத்தலே நன்று. கைப்பேசியில் ஒரு பக்கம் மட்டும் பார்க்க விழைபவர்மேல் முழுமலரையும் சுமத்துதல் முறையன்று.

எஞ்சியது பெயர். அதே தலைக்குறிப்பிற் கோப்பின் பெயரையும் கூறலாம். பெயர் கூறாவிடின் வலைமுகவரியின் கடைசித் துண்டே பெரும்பாலும் பெயராகும். அது வெறும் எண்ணாயிருப்பின் ஓராண்டின்பின் எது மலர், எது மின்கட்டணச் சிட்டை என்று தெரியாது. தமிழ்ப்பெயரை நேரே எழுதினாற் சிதைதல் கூடும். அதற்கென அமைந்த வழி, 'ஃபைல்நேம்' என்பதன் பின் உடுக்குறியிட்டு, யூடிஎஃப்-8 முறையிற் குறியாக்கிய பெயரைத் தருவது. இலக்கணப்படி 'மண்டைதீவு' என்பது ஐந்தெழுத்து. ஒருங்குறியிலோ உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனி எண்ணப்படுதலின் ஒன்பதாகும். ஒவ்வொன்றும் மூன்று பைட்டு; ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று குறியீடு. எனவே ஐந்தெழுத்து ஊர்ப்பெயர் 81 குறியீடுகளாய்க் கடல் கடந்து, சேரிடத்தே மீண்டும் 'மண்டைதீவு' என்றே கோப்பின்மேல் எழுதப்படும்.