மாதவிடாய் நிற்கும் முன் வரும் மிகை உதிரப்போக்கு

எது மிகை

24 முதல் 38 நாளுக்கு ஒருமுறை வந்து, 8 நாளுக்குள் நின்றுவிடுவதே இயல்பான மாதவிடாய். ஒரு விலக்கில் 80 மில்லிக்கு மேல் போனால் மிகை என்று பாடநூல்கள் சொல்கின்றன. வீட்டில் யார் அளப்பது? மணிக்கொரு நாப்கின் நனைவதும், கட்டி கட்டியாகப் போவதும், இரவில் பாய்மேல் பழைய துணியை நான்காக மடித்துப் போட்டுப் படுக்க நேர்வதுமே போதுமான அளவுகோல். இரு விலக்குக்கு இடையிலோ உடலுறவுக்குப் பின்னோ உதிரம் படுவதும் இயல்பன்று.

‘தீட்டு நிற்கப்போகிற வயசு, அப்படித்தான் போகும்’ என்ற ஆறுதலில் மாதங்கள் கழிந்துவிடுகின்றன. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இறங்கினாலே சோகை. பலர் மருத்துவரிடம் வரும்போது மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறது.

உட்சவ்வு தடிப்பது ஏன்

நார்க்கட்டி, பாலிப், தைராய்டு கோளாறு, ரத்தம் உறையாமை, காப்பர்-டி எனக் காரணங்கள் பல. கவனம் அதிகம் தேவைப்படுவது கருப்பையின் உட்சவ்வுக்கு. ஈஸ்ட்ரோஜன் அதை வளர்க்கும். முட்டை வெளிவந்தபின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சிக்கு அணை போடும். முட்டை வெளிவராத மாதங்களில் அந்த அணை இல்லை. சினைப்பையில் ‘நீர்க்கட்டி’ என்று சொல்லப்படும் கோளாறு உள்ளவர்களுக்கும், உடல் பருமன் உள்ளவர்களுக்கும் இதுவே நேர்கிறது. கொழுப்புத் திசுவும் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கும். சவ்வு தடித்துக்கொண்டே போய், ஒழுங்கின்றி உதிர்கிறது.

இந்தத் தடிப்பு இருவகை. செல்கள் உருமாறாத தடிப்பு 20 ஆண்டுகளில் புற்றுநோயாகும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. செல்கள் உருமாறியிருந்தால் நிலைமை வேறு. புற்றுநோய் அப்போதே உள்ளே ஒளிந்திருக்கலாம்.

பரிசோதனை

முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். ஸ்கேனில் தெரியும் தடிமன் மாதவிடாய் வரும் பெண்களில் நாளுக்கு நாள் மாறும். அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. 45 வயதைத் தாண்டியவர்களுக்கும், அதற்கு முன்பே பருமன், நீர்க்கட்டி, மருந்துக்கு நிற்காத போக்கு உள்ளவர்களுக்கும் சவ்வில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது அவசியம். சுமார் 3 மில்லிமீட்டர் பருமனுள்ள பிளாஸ்டிக் குழாய். சில நிமிட வேலை. பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டாம். விலக்கு வலிபோல இழுத்துப் பிடிக்கும், பிறகு விட்டுவிடும்.

சிகிச்சை

போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமில மாத்திரை உதவும். உருமாற்றமில்லாத தடிப்புக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்து கசியும் கருப்பைச் சாதனமே முதல் தேர்வு. இடைவெளி விட்டு மீண்டும் துணுக்கு எடுத்துப் பார்த்து, சவ்வு இயல்புக்குத் திரும்பிவிட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். உருமாற்றம் இருந்தால் கருப்பையை எடுப்பதே பொதுவான பரிந்துரை. குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு நெருங்கிய கண்காணிப்பில் மருந்து தரலாம்.

இந்தியாவில் 40 வயதுக்கு முன்பே கருப்பையை இழந்த பெண்கள் ஏராளம். அவர்கள் அதிகம் சொல்லும் காரணம் உதிரப்போக்குதான். துணுக்குப் பரிசோதனை முடிவு கைக்கு வராமல் அந்த அறுவைக்குச் சம்மதிக்கக் கூடாது. எந்தச் சிகிச்சையானாலும் சோகைக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையை, ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் சுமார் 3 மாதம் விடாமல் சாப்பிட வேண்டும்.