பார்வை தெளிவாக இருந்தாலும் விழித்திரையைக் காட்டுங்கள்

கண் பரிசோதனையைத் தள்ளிப்போடும் சர்க்கரை நோயாளிகள் பெரும்பாலும் சொல்வது, "பார்வை நல்லாத்தானே இருக்கு" என்பதுதான். இந்த நோயில் நம்பவே கூடாத சாட்சி அந்தப் பார்வை. எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் விழித்திரையின் நடுவிலுள்ள மாக்குலா என்ற சின்னஞ்சிறு பகுதியின் வேலை. அது பாதிக்கப்படாதவரை, சுற்றிலும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தாலும் பலகையின் கடைசி வரி வரை படித்துவிடலாம்.

சர்க்கரையால் முதலில் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் பலவீனமாகிப் புடைக்கிறது. ரத்தமும் நீரும் கொழுப்பும் கசிகின்றன; விழித்திரைப் படத்தில் இவை சிவப்புப் புள்ளிகளாகவும் மஞ்சள் திட்டுகளாகவும் தெரியும். பிறகு சில குழாய்கள் அடைபடுகின்றன. ரத்தம் கிடைக்காத இடங்கள் புதிய குழாய்களை முளைக்க வைக்கின்றன. ஆபத்தே இவைதான். மெல்லிய இந்தக் குழாய்கள் திடீரென உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் நிறைந்துவிடும். அதுவரை வலியோ சிவப்போ இருந்திருக்காது. புதிய குழாய்களோடு வளரும் வடு சுருங்கினால் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். மாக்குலா வீக்கமோ இந்தப் படிகளில் எதிலும் வரலாம்.

நோயின் வேகம் எல்லாக் கட்டத்திலும் ஒன்றல்ல. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றின்படி, லேசான பாதிப்புள்ளவர்களில் ஓராண்டுக்குள் புதிய குழாய்கள் முளைத்தது சுமார் 5 சதவீதத்தினருக்கு. தீவிரப் பாதிப்புள்ளவர்களிலோ ஏறத்தாழ பாதிப் பேருக்கு! எப்போது மறுபடி வர வேண்டும் என்பதை மருத்துவர் ஆளுக்கு ஆள் மாற்றிச் சொல்வது இதனால்தான்.

டைப் 2 சர்க்கரை என்று தெரிந்த உடனேயே விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். பிரிட்டனின் புகழ்பெற்ற யுகேபிடிஎஸ் ஆய்வில், நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. டைப் 1 என்றால் ஐந்து ஆண்டுகளுக்குள். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களுக்குள், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். மற்றவர்களுக்கு அடுத்தடுத்த பரிசோதனை, பாதிப்பே இல்லையென்றால் ஆண்டுக்கு ஒருமுறை, லேசானது என்றால் 6 முதல் 12 மாதங்களில், நடுத்தரம் என்றால் 3 முதல் 6 மாதங்களில், தீவிரம் என்றால் மூன்று மாதங்களுக்குள்.

இங்கிலாந்தில் தொடர்ந்து இரண்டு பரிசோதனைகளில் பாதிப்பு இல்லாதவர்களுக்கு 2023 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்று மாற்றியிருக்கிறார்கள். அங்கே முறை வந்ததும் அழைப்புக் கடிதம் வீட்டுக்கே வரும். நம் ஊரில் யாரும் கூப்பிட மாட்டார்கள். இங்கே ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கைத் தளர்த்துவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதை இந்தப் பரிசோதனை என்று நினைத்துவிடக் கூடாது. சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிய அரை மணி நேரம்போல உட்கார வைப்பார்கள். பிறகு மருத்துவர் பிரகாசமான விளக்கொளியில் விழித்திரையின் ஓரம் வரை பார்ப்பார். சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டப்பார்வை மங்கும். அன்று பைக் ஓட்டாதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.

நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையை வேகமாகக் குறைக்கும்போது, ஏற்கெனவே உள்ள விழித்திரைப் பாதிப்பு சிலருக்குத் தற்காலிகமாக மோசமாகலாம். சிகிச்சையை நிறுத்த இது காரணமாகாது. இன்சுலினைத் தீவிரப்படுத்தும் முன்பே கண்ணைப் பார்த்துவிட இதுவே காரணம். ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் இருந்தால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

லேசர் சிகிச்சை கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கும் என்பது 1970களிலேயே நிரூபணமாகிவிட்டது. மாக்குலா வீக்கத்துக்கு இன்று கண்ணுக்குள் போடும் ஊசிகளும் உண்டு. ஆனால் லேசர் இருக்கும் பார்வையைத்தான் காக்கும். போனதை மீட்டுத் தராது.

உங்கள் சர்க்கரை ஃபைலைப் புரட்டிப் பாருங்கள். கடந்த ஓராண்டுக்குள் விழித்திரையைப் பரிசோதித்த குறிப்பு அதில் இல்லையென்றால், இந்த வாரமே கண் மருத்துவரிடம் போங்கள்.