உடைத்தாலும் மீளும் நகரம்

கனடாவின் வான்கூவர் நகரில் இயங்கிய ரேடிக்கல் எண்டர்டெயின்மெண்ட் நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் உருவாக்கிய வீடியோ விளையாட்டு, 'தி இன்கிரெடிபிள் ஹல்க்: அல்டிமேட் டிஸ்ட்ரக்‌ஷன்'. இதில் நகரமே ஆயுதக் கிடங்கு. ஹல்க் காரை இரண்டாகப் பிளந்து கையுறையாக அணிவான். பேருந்தை நசுக்கி அதன்மேல் சறுக்கிச் செல்வான். உடைக்க உடைக்க இராணுவம் திரண்டு வந்து தாக்கும். எனினும், மீண்டும் தொடங்கினால் நகரம் முழுதாய் நிற்கும்.

ஜார்ஜ்டவுனுக்கு அந்த வசதி இல்லை, நண்பர்களே. வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு சனவரியில் முற்றாக நீங்கியபின், பழைய கடைவீடுகளில் குடியிருந்த பலர் வெளியேற நேர்ந்தது. 2008, சூலை 7-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தகுதி கிடைத்தது. கட்டடங்களுக்குப் பாதுகாப்பு கூடியது. போன குடும்பங்களைத் திரும்ப அழைக்கும் பொத்தான்தான் இல்லை.

கடைத்தெருவில் நடக்கும்போது, சுவர்களை மட்டுமன்றி அவற்றுள் வாழ்வோரையும் எண்ணிப் பார்ப்போம்.