உச்சியில் விடை ஒன்றே

விநாடிக்கு 19.6 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை நேர் மேலே எறிகிறீர்கள். அது எவ்வளவு உயரம் செல்லும்? கணக்கைக் கண்டவுடனே, 'தொடக்க வேகத்தை வர்க்கப்படுத்து, ஈர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகு' என்று உங்களில் பலர் வாய்பாட்டைச் சொல்லிவிடுவீர்கள். 19.6 மீட்டர் என்ற விடையும் வந்துவிடும். விடை சரிதான். ஆனால் அந்த வாய்பாடு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் பலரே விழிக்கிறார்கள். கேள்வியைச் சற்று மாற்றி, எறிந்த இடம் ஒரு மட்டத்திலும் விழும் இடம் வேறு மட்டத்திலும் இருப்பதாக வைத்துவிட்டாலோ, மனப்பாடம் செய்த வாய்பாடு அறவே கைகொடுப்பதில்லை. ஆகவே வாய்பாட்டைச் சிறிது நேரம் மறந்துவிட்டு, பந்தையே கவனிப்போம்.

பந்தின் உயரத்தை மீட்டரில் 'உ' என்றும், எறிந்தபின் கழிந்த நேரத்தை விநாடியில் 'நே' என்றும் குறிப்போம். ஈர்ப்பு முடுக்கம் 9.8 எனக் கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிடுவோம். அப்போது,

உ = 19.6 நே − 4.9 நே²

இது நேரத்தைப் பொறுத்த ஓர் இருபடிச் சார்பு. நேரத்திற்கு 0, 1, 2, 3, 4 என மதிப்புகள் கொடுத்துப் பாருங்கள். உயரம் முறையே 0, 14.7, 19.6, 14.7, 0 என வரும். பந்து 14.7 மீட்டர் உயரத்தை இரண்டு முறை கடக்கிறது அல்லவா? ஏறும்போது 1-ஆவது விநாடியில், இறங்கும்போது 3-ஆவது விநாடியில். இன்னும் சற்று உயரத்தில் பார்ப்போம். 18.375 மீட்டரை 1.5 விநாடியிலும் 2.5 விநாடியிலும் கடக்கிறது. 19.404 மீட்டரை 1.8-லும் 2.2-லும் கடக்கிறது. உயரம் கூடக்கூட அந்த இரண்டு நேரங்களும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. 20 மீட்டர் எப்போது என்று கேட்டால் விடையே கிடையாது. பந்து அங்கே போவதே இல்லை. இரண்டு விடைகள் உள்ள நிலைக்கும் விடையே இல்லாத நிலைக்கும் நடுவே, இரண்டு விடைகளும் ஒன்றாகிவிடும் ஓர் உயரம் இருந்தாக வேண்டும். அதுவே உச்சி.

இதைச் சமன்பாட்டில் எழுதுவது எளிது. ஏதோ ஓர் உயரம் உ-வைப் பந்து அடையும் நேரங்கள்,

4.9 நே² − 19.6 நே + உ = 0

என்ற சமன்பாட்டின் மூலங்கள். மூலங்கள் சமமாக வேண்டுமானால் தன்மைகாட்டி சுழியாக வேண்டும் என்பது நீங்கள் வகுப்பில் படித்ததுதான். 19.6 × 19.6 = 4 × 4.9 × உ; ஆகவே உ = 19.6. நேரம், மூலங்களின் கூடுதலில் பாதி, அதாவது 2 விநாடி. நுண்கணிதம் தேவைப்படவில்லை. உண்மையில் நியூட்டனும் லைப்னிட்சும் நுண்கணிதத்தை உருவாக்குவதற்கு முன்பே, 1630-களில், ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதை பெரும மதிப்புகளைத் தேடியது ஏறக்குறைய இந்த எண்ணத்தைக் கொண்டுதான். சட்டம் படித்தவர் அவர். கணிதம் அவருக்கு ஓய்வு நேர வேலை!

6 மீட்டர் உயர மாடியிலிருந்து அதே வேகத்தில் மேலே எறிந்தால் என்ன ஆகும்? உ = 6 + 19.6 நே − 4.9 நே². இப்போது பந்து தரையைத் தொடும் நேரத்தைத் தேடி அலைய வேண்டாம். அது மீண்டும் மாடி மட்டத்துக்கு எப்போது வருகிறது என்று மட்டும் பாருங்கள். 0, 4 என்ற இரு நேரங்கள் கிடைக்கும். நடுவே 2 விநாடி; உயரம் 25.6 மீட்டர். ஒரே மட்டத்தில் இருக்கும் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் உச்சி அவற்றின் நடுவேதான் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. 15 மீட்டர் உயரத்திலிருந்து கீழ்நோக்கி விநாடிக்கு 4.9 மீட்டர் வேகத்தில் பந்தை எறிகிறோம் என்க. உ = 15 − 4.9 நே − 4.9 நே². இதே முறையைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தினால் 'உச்சி' நே = −0.5-இல் வரும்; உயரம் 16.225 மீட்டர் என்றும் கணக்குச் சொல்லும். கீழே எறிந்த பந்து எப்படி ஐயா மேலே போகும்? சமன்பாட்டுக்குத் தெரியாத செய்தி ஒன்று உங்களுக்குத் தெரியும்: நேரம் சுழியிலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே பெரும உயரம் எறிந்த இடமான 15 மீட்டர்தான். விடைத்தாளில் எதிர்க்குறி நேரத்தைக் கண்டும் பேனா நிற்காமல் ஓடுவதுதான் வருத்தத்துக்குரியது.

இனி, சாய்வாக எறிவோம். வேகம் விநாடிக்கு 14 மீட்டர். எந்தக் கோணத்தில் எறிந்தால் மிகத் தொலைவில் விழும்? 45° என்று இத்தாலிய நாட்டுத் தர்தாலியா 1537-இல் வெளியிட்ட நூலிலேயே எழுதிவிட்டார். ஆனால் எறிபொருளின் பாதை பரவளையம் என்பதிலிருந்து அதை நிறுவிக் காட்டியவர் கலிலியோ. 1638-இல் அச்சான அவருடைய நூலில் அது இருக்கிறது. நாம் நம் வழியிலேயே செல்வோம்.

கிடைத் தொலைவு 'தூ' என்க. எறியும் கோணத்தின் டான்ஜென்ட் மதிப்பு 'சா' என்க. கிடைத்திசையில் வேகம் மாறாது. எனவே தூ தொலைவைக் கடக்கும் நேரத்தைக் கண்டு, உயரத்திற்கான சமன்பாட்டில் இட்டால்,

உ = தூ × சா − (தூ² ÷ 40) × (1 + சா²)

எனக் கிடைக்கும். (சீகன்டின் வர்க்கம், டான்ஜென்டின் வர்க்கத்தைவிட ஒன்று அதிகம் என்பதை இங்கே பயன்படுத்தியிருக்கிறோம். ஒரு தாளில் நீங்களே செய்து பாருங்கள்.) இப்போது தொலைவை நிலையாக வைத்துக்கொண்டு பார்த்தால், இது 'சா'-வில் ஓர் இருபடிச் சார்பு! 16 மீட்டர் தொலைவில் தரையில் விழ வேண்டும் என்றால் உ = 0, தூ = 16. சமன்பாடு சா² − 2.5 சா + 1 = 0 எனச் சுருங்கும். மூலங்கள் 2, 0.5. அதாவது ஏறத்தாழ 63.4°, 26.6° ஆகிய இரு கோணங்கள். உயர எறிந்தாலும் தாழ எறிந்தாலும் பந்து ஒரே இடத்தில் விழும். மூலங்களின் பெருக்கற்பலன் எப்போதும் 1 ஆக இருப்பதால் இரு கோணங்களும் சேர்ந்து 90° ஆகும். தொலைவைக் கூட்டிக்கொண்டே போனால் இரு கோணங்களும் நெருங்கி, 20 மீட்டரில் ஒன்றாகின்றன. அங்கே சா = 1, கோணம் 45°. பந்தின் உயரத்தில் கண்ட அதே காட்சி.

இப்போது குண்டு எறியும் வீரரிடம் வருவோம். குண்டு அவர் கையை விட்டுப் பிரியும் இடம் தரையிலிருந்து சுமார் 2 மீட்டர் உயரம். ஆகவே அது விழும்போது, பிரிந்த இடத்துக்கு 2 மீட்டர் கீழே இருக்கும்; உ = −2. மேலே உள்ள சமன்பாட்டில் இதை இட்டு, தன்மைகாட்டியைச் சுழியாக்கினால் தூ² = 480 என்று வரும். பெருமத் தொலைவு 21.91 மீட்டர். சா = 20 ÷ தூ = 0.913, கோணம் 42.4°. 45° அன்று! 'பெரும வீச்சுக்கு 45°' என்று மனப்பாடம் செய்தவர் இங்கே ஏமாந்துபோவார். இந்தத் தொலைவு கற்பனை உலகத்து எண்ணும் அன்று. 2023-இல் புவனேசுவரத்தில் நம் நாட்டு வீரர் தேஜிந்தர்பால் சிங் தூர் 21.77 மீட்டர் எறிந்தார். அதே ஆண்டில் அமெரிக்கர் ரையன் கிரௌசர் 23.56 மீட்டர் எறிந்து உலகச் சாதனை படைத்தார்.

45°-லேயே எறிந்திருந்தால் எவ்வளவு நட்டம்? கணக்கிட்டால் 21.83 மீட்டர் வருகிறது. ஏறத்தாழ 8 சென்டிமீட்டர்தான் குறைவு. கோணம் இரண்டரை டிகிரி தவறியும் இவ்வளவு சிறிய நட்டம் ஏன்? முதல் பந்தின் சமன்பாட்டை வர்க்கமாக நிறைவு செய்து எழுதிப் பாருங்கள்:

உ = 19.6 − 4.9 (நே − 2)²

உச்சியிலிருந்து 1 விநாடி விலகினால் 4.9 மீட்டர் இறக்கம். 0.1 விநாடி விலகினாலோ வெறும் 4.9 சென்டிமீட்டர்! விலகல் பத்தில் ஒன்றானால் இழப்பு நூறில் ஒன்றாகிவிடுகிறது. மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நின்று திரும்புவதுபோல் தோன்றுவதும் இதனால்தான். எறியும் கோணத்தை மாற்றும்போது வீச்சும் தன் பெருமத்தின் அருகே இதே போக்கில்தான் மெல்லக் குறைகிறது.

தேர்ந்த வீரர்கள் பெரும்பாலும் 40°-க்கும் குறைவான கோணத்தில் எறிவதற்கு விளக்கம் இங்கேதான் கிடைக்கிறது. கோணம் 38° என்க. அதே 14 மீட்டர் வேகத்தில் தொலைவு 21.70 மீட்டராகக் குறையும். 21 சென்டிமீட்டர் நட்டம். ஆனால் 7.26 கிலோகிராம் இரும்புக் குண்டைச் செங்குத்தாகத் தூக்குவதைவிடத் தாழ்வாகத் தள்ளும்போது மனித உடலால் கூடுதல் வேகம் கொடுக்க முடியும். வேகம் 14 என்பது 14.1 ஆனாலே போதும். 38°-இல் குண்டு 21.98 மீட்டர் போய் விழும்.