நாய்க்கு வரும் புற்று: கத்தி வேண்டாம், ஊசி போதும்



தோட்டக் காவலுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் நாய் இல்லாமல் முடியுமா? அந்த நாய்க்கும் புற்றுநோய் வரும் என்றால், "அதெல்லாம் மனுஷனுக்குத்தானுங்களே?" என்பீர்கள். நாய்க்கும் வருகிறது. ஊர் நாய்களிடம் அதிகம் காண்பது, இணை சேரும்போது ஒட்டிக்கொள்ளும் கட்டி. ஒரு நாயின் புற்று அணுக்களே உயிரோடு அடுத்த நாய்க்குப் போய் வளர்கின்றன. நக்குவது, முகர்வதால் மூக்கு, வாய், தோலிலும் முளைக்கும். மனிதருக்கோ மாட்டுக்கோ இது ஒட்டாது.

பிறப்புறுப்பில் காலிஃபிளவர் பூ மாதிரி சிவந்த கட்டி, சொட்டுச் சொட்டாய் ரத்தம். இதுதான் அடையாளம். பெட்டை நாயென்றால், "பருவத்துக்கு வந்திருக்கு" என்று விட்டுவிடுகிறோம். ரத்தம் வாரக்கணக்கில் நிற்காவிட்டால் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கட்டியில் கண்ணாடித் தகட்டை ஒற்றி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். சுண்ணாம்பு, மயில்துத்தம் வைத்துச் சுடாதீர்கள், புண்தான் பெரிதாகும்.

அறுத்து எடுத்தாலும் இது திரும்ப முளைப்பதுண்டு. ஆகவே வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒருமுறை ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். அது எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? நம் வாசலில் பூக்கிற நித்தியகல்யாணிச் செடியிலிருந்துதான்! அதற்காக இலையை அரைத்துப் புகட்டிவிடாதீர்கள், அது விஷம்.

பெரும்பாலும் 4 முதல் 6 ஊசி தேவைப்படும். ஒன்றிரண்டு ஊசியிலேயே ரத்தம் நின்று கட்டி சுருங்கத் தொடங்கும். இங்கேதான் தவறு நடக்கிறது. "சரியாப் போச்சு" என்று பாதியில் நிறுத்தினால் கட்டி மறுபடி கிளம்பும். கோரையை மேலாக அறுத்துவிட்ட கதைதான். டாக்டர் போதும் என்கிறவரை போங்கள்.

ஊசி போடும்போது நாய் அசையக்கூடாது, நன்றாகப் பிடியுங்கள். மருந்து குழாய்க்கு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதை அழுகும். ரத்தத்தில் வெள்ளணுவும் குறையும். அதனால் அடுத்த ஊசிக்கு முன் ரத்தம் பார்க்கச் சொன்னால் தட்டாதீர்கள். ஓரிரு நாள் வாந்தி, தீனி மறுப்பு இருக்கலாம். காய்ச்சலில் சுருண்டு படுத்தால் உடனே காட்டுங்கள். சினை நாயென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த மருந்துக்குக் கேட்காத கட்டிக்கு வேறு மருந்து உண்டு. தோலில் வரும் எல்லாப் புற்றும் இப்படி ஊசியில் கரைவதில்லை, சிலவற்றுக்கு அறுவைதான்.

குணமாகும்வரை நாயைக் கட்டிப் போடுங்கள், அவிழ்த்துவிட்டால் தெருவுக்கே பரப்பும். ஊசி போட்ட சில நாளைக்கு அதன் மூத்திரம், மலத்தை வெறுங்கையால் அள்ளவேண்டாம். கர்ப்பிணிப் பெண்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம்.