பித்தப்பையை எடுத்த பிறகு உப்பளத்துக்கு எப்போது திரும்பலாம்?

வயிற்றில் கல் இருப்பதாக ஸ்கேனில் வந்துவிட்டால், அனுமந்தை, மரக்காணம் உப்பளப் பகுதி வீடுகளில் முதலில் தயாராவது வாழைத்தண்டுச் சாறுதான். அதற்குக் காரணம் உண்டு. உப்பள வேலை வெயிலோடு மல்லுக்கட்டும் வேலை. கழிப்பறை வசதி இல்லாததால் பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 2017 முதல் 2020 வரை 352 தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்கிறார்கள், 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் செயல்பாடு குறைந்திருக்கிறது என்று அது காட்டியது. அதனால் கல் என்றாலே சிறுநீரகக் கல் என்று இங்கே நினைப்பதில் வியப்பில்லை.

அறிக்கையில் இருப்பது பித்தப்பைக் கல் என்றால் வைத்தியமே வேறு. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும், எந்தச் சாறு குடித்தாலும் அது சிறுநீரோடு வெளியேறாது. சிறுநீர்ப் பாதைக்கும் பித்தப்பைக்கும் தொடர்பே கிடையாது. வலி கொடுக்கத் தொடங்கிவிட்ட பித்தப்பைக் கல்லுக்கு நிலையான தீர்வு, கல்லோடு சேர்த்துப் பையையே எடுத்துவிடுவதுதான். அறுவை என்றதும் பயம் வருவது இயல்பு. என்ன நடக்கும், எத்தனை நாளில் எழலாம், பாத்தியில் எப்போது இறங்கலாம் என்பது முன்பே தெரிந்துவிட்டால் அந்தப் பயத்தில் பாதி போய்விடும்.

எந்த வலி எந்தக் கல்?

கல்லீரல் ஒரு நாளைக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. கொழுப்பைச் செரிக்க உதவும் அந்த நீரில் ஒரு பகுதியைக் கெட்டியாக்கிச் சேமித்துவைப்பது, கல்லீரலுக்குக் கீழே ஒட்டியிருக்கும் பித்தப்பை. அதன் கொள்ளளவு 30 முதல் 50 மில்லி லிட்டர். எண்ணெய்ப் பண்டம் வயிற்றுக்குள் போனதும் பை சுருங்கி நீரைக் குடலுக்கு அனுப்பும். அப்போது கல் பையின் வாயில் சிக்கினால் வலி பிடிக்கும்.

மேல்வயிற்றின் நடுவிலோ வலது விலாவுக்குக் கீழோ தொடங்கும் வலி முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் பரவும். பெரும்பாலும் சாப்பிட்ட பிறகு, பல நேரம் இரவில் வரும். அரை மணி நேரமோ சில மணி நேரமோ படுத்திவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் விட்டுவிடும். அப்படி விட்டுவிடுவதால்தான் ‘கேஸ்’ என்று நினைத்து மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே மாதங்கள் போகின்றன. சிறுநீரகக் கல்லின் வலி இடுப்புக்குப் பின்னால் தொடங்கி அடிவயிற்றை நோக்கி இறங்கும். சிறுநீரில் எரிச்சலோ ரத்தமோ தெரியலாம். மாரடைப்பும் மேல்வயிற்று வலியாக வரக்கூடும் என்பதால், நடுவயதைத் தாண்டியவர்களுக்கு ஈசிஜி எடுத்துப் பார்ப்பது அவசியம்.

வெறும் வயிற்றில் எடுக்கும் ஒரு சாதாரண அல்ட்ராசவுண்டு ஸ்கேனே பித்தப்பைக் கல்லைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். கல்லீரல் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனையும் உடன் செய்வார்கள். பித்தக் குழாய்க்குள் கல் இறங்கியிருப்பதாகச் சந்தேகம் வந்தால் எம்ஆர்சிபி ஸ்கேன் எடுப்பார்கள். அங்கே கல் இருப்பது உறுதியானால், வாய்வழியாக எண்டோஸ்கோப்பி குழாயைச் செலுத்தி அதை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு பித்தப்பைக்கு வருவது வழக்கம்.

எல்லாருக்கும் அறுவை தேவையா?

தேவையில்லை. வேறு எதற்காகவோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த, ஒரு தொல்லையும் தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் வலி வருவதே இல்லை. கல் 3 சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக இருந்தாலோ, பித்தப்பையில் 1 சென்டிமீட்டருக்கு மேல் சதை வளர்ச்சி இருந்தாலோ, பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் அறுவை சொல்லலாம்.

ஒருமுறை வலி வந்துவிட்டால் கணக்கு மாறிவிடும். அது திரும்பத் திரும்ப வரும். பை அழற்சியாகலாம், சீழ் பிடிக்கலாம். கல் குழாயில் இறங்கினால் மஞ்சள் காமாலை வரும். கணையம் வீங்கினால் உயிருக்கே ஆபத்து. திட்டமிட்டுச் செய்யும் அறுவை எளிது. வீங்கிச் சிவந்த பையில் அவசரத்தில் செய்யும் அறுவை கடினம். தள்ளிப்போடுவதன் விலை இதுதான்.

மாத்திரையில் கரைக்க முடியாதா என்று பலர் கேட்பார்கள். உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மருந்து சின்னக் கொலஸ்டிரால் கற்களை மட்டும் பல மாதங்களில் கரைக்கக்கூடும். நிறுத்திய சில ஆண்டுகளில் பாதிப் பேருக்குக் கல் மீண்டும் வந்துவிடுகிறது. நம் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரயில்வே தொழிலாளர்களிடம் எஸ்.எல்.மல்ஹோத்ரா நடத்தி 1968-ல் வெளியிட்ட ஆய்வில், தென்னிந்தியரைவிட வட இந்தியருக்குப் பித்தப்பைக் கல் ஏழு மடங்கு அதிகம் என்று தெரிந்தது. வடக்கில் பெரும்பாலும் கொலஸ்டிரால் கல். தெற்கிலோ கறுத்து, எளிதில் நொறுங்கும் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கூடுதலாகக் காணப்படுகின்றன. நிறமிக் கல் அந்த மாத்திரைக்குக் கரையாது.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் மலத்தோடு வந்துவிடும் என்று வீடியோக்களில் காட்டும் பச்சை உருண்டைகள் கல்லே அல்ல. குடித்த எண்ணெயே குடலில் சோப்புபோல் உறைந்து வருவதுதான் அது. கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைத்தாலும் பயனில்லை. கல்லை உண்டாக்கிய பை மறுபடியும் உண்டாக்கும்.

அறுவை அறையில்

பித்தப்பையை முதன்முதலில் வெற்றிகரமாக எடுத்தவர் பெர்லின் மருத்துவர் கார்ல் லாங்கன்புக், ஆண்டு 1882. அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு, விலாவுக்குக் கீழே நீளமாக வயிற்றைத் திறப்பது ஒன்றே வழியாக இருந்தது. 1985-ல் ஜெர்மனியில் எரிக் மியூஹே சிறு துளைகள் வழியாக அதை எடுத்துக் காட்டினார். இந்தியாவில் 1990-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெம்டன் உத்வாடியா முதல் லேப்ராஸ்கோப்பி பித்தப்பை அறுவையைச் செய்தார். அது அரசு மருத்துவமனை என்பதைக் கவனிக்க வேண்டும். பணக்காரர்களுக்கு மட்டுமான சிகிச்சை இது என்ற எண்ணத்துக்கு அன்றே இடமில்லை.

அறுவைக்கு ஆறு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும். வெறும் தண்ணீரை எதுவரை குடிக்கலாம் என்பதை மயக்க மருத்துவர் சொல்வார். வழக்கமாக அது இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை. சர்க்கரை நோய் மாத்திரை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை, நாட்டு மருந்து என எதைச் சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தினால் மயக்கமும் நுரையீரலும் ஒத்துழைக்கும்.

முழு மயக்கம் என்பதால் உள்ளே நடப்பது எதுவும் நோயாளிக்குத் தெரியாது. தொப்புள் அருகே ஒரு சிறு வெட்டு. அதன் வழியாகக் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பவைத்துக் கேமராவை இறக்குகிறார்கள். மேல்வயிற்றில் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அளவில் இன்னும் மூன்று துளைகள். திரையைப் பார்த்தபடி, பித்தப்பையின் கழுத்தைச் சுற்றியுள்ள கொழுப்பையும் சவ்வையும் பொறுமையாக விலக்குகிறார் அறுவை மருத்துவர். பைக்குள் போவது இரண்டே இரண்டு: ஒரு குழாய், ஒரு ரத்த நாளம். அந்த இரண்டும் ஐயத்துக்கு இடமின்றிக் கண்ணுக்குத் தெரிந்த பிறகே கிளிப் போட்டு வெட்டுகிறார். பக்கத்திலேயே ஓடும் பொதுப் பித்தக் குழாய் தவறுதலாக வெட்டுப்படாமல் காப்பது இந்தப் பொறுமைதான். அப்படிக் காயம்படுவது ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு மட்டுமே என்றாலும், பட்டால் பெரிய சிக்கல். பிறகு பையைக் கல்லீரலிலிருந்து பிரித்துத் தொப்புள் துளை வழியாக வெளியே எடுப்பார்கள். பொதுவாக ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

சிலருக்கு உள்ளே ஒட்டல் அதிகமாக இருந்து எதுவும் தெளிவாகத் தெரியாது. அப்போது வயிற்றைத் திறந்து செய்ய முடிவெடுப்பார்கள். நோயாளியின் உயிரைக் கருதி எடுக்கும் சரியான முடிவு அது. அறுவை தோற்றுவிட்டதாக வீட்டார் நினைக்கக் கூடாது. ஒப்புதல் படிவத்தில் இந்த வரியைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள். எடுத்த பையைப் பயாப்சிக்கு அனுப்புவார்கள். அந்த அறிக்கையை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

முதல் நாள் முதல் ஆறாவது வாரம் வரை

அன்று மாலையே எழுந்து நடக்கச் சொல்வார்கள். நடப்பதே மருந்து, காலில் ரத்தம் உறையாமல் காக்கும், வயிற்று வாயுவும் கலையும். வயிற்றில் அறுத்திருக்க, தோள்பட்டை ஏன் வலிக்கிறது என்று பலர் பதறுவார்கள். செலுத்திய வாயுவின் மிச்சம் உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும்.

பெரும்பாலோர் மறுநாளே வீடு திரும்பலாம். முதல் வாரம் வீட்டுக்குள் நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்துகொள்வது, மருத்துவர் சொன்ன நாளிலிருந்து குளியல். தையல் தானாகக் கரையும் வகை இல்லையென்றால் ஏழு முதல் பத்து நாளில் பிரிப்பார்கள். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒன்று முதல் இரண்டு வாரத்தில் திரும்பலாம். வயிற்றைத் திறந்து செய்திருந்தால் எல்லாவற்றுக்கும் கூடுதல் நாள் ஆகும். மருத்துவமனையிலேயே சில நாள் தங்க வேண்டியிருக்கும்.

உப்பள வேலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. குனிந்து உப்பை வாரி இழுப்பதும், ஈர உப்பைக் கூடையில் நிரப்பித் தலையில் ஏற்றிக் கரைக்கு நடப்பதும் வயிற்றுத் தசையை முழுவதுமாக முறுக்கும் வேலைகள். வெளியே தையல் ஆறியதுபோல் தெரிந்தாலும், பை வெளியே வந்த தொப்புள் துளைக்கு அடியில் இருக்கும் தசை உறை உறுதிப்படப் பல வாரம் ஆகும். அதற்குள் சுமை தூக்கினால் அந்த இடம் பிதுங்கிக் குடலிறக்கம் வரலாம். நான்கு முதல் ஆறு வாரம் சுமை கூடாது. திறந்த அறுவை என்றால் அதைவிடக் கூடுதலாகவும் ஆகலாம். உப்புநீர் தெறிப்பதும் வேர்வை ஊறுவதும் ஆறாத புண்ணுக்கு ஆகாது. உப்பளத்துக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் பெண்ணிடம் தண்ணீர்க் குடத்தைக் கொடுத்துவிட்டால் அந்த ஓய்வுக்கு அர்த்தமே இல்லை. நிறைந்த குடமும் பதினைந்து கிலோ எடைதான். இந்த ஆறு வாரமும் வீட்டார் தோள் கொடுக்க வேண்டிய காலம்.

சாப்பாடு

பித்தப்பை போனாலும் பித்தநீர் சுரப்பது நிற்காது. சேமிக்க இடம் இல்லாததால் நேராகக் குடலுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் வாழ்நாள் பத்தியம் தேவையில்லை. முதல் சில நாள் இட்லி, ரசம் சாதம், மோர். பிறகு குழம்பு மீன், கீரை, பருப்பு என்று வழக்கத்துக்கு வரலாம். பொரித்த மீன், பரோட்டா, தேங்காய்ப்பால் குழம்பு ஆகியவற்றைச் சில வாரம் கழித்துக் கொஞ்சமாகத் தொடங்கிப் பார்க்கலாம். ஒரே வேளையில் நிறையச் சாப்பிடுவதைவிட அளவாகப் பிரித்துச் சாப்பிடுவது நல்லது. சிலருக்கு எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டதும் வயிறு இளகிப் போகும். பெரும்பாலும் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ சரியாகிவிடும். நீடித்தால் மருந்து இருக்கிறது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது எப்போது?

அறுவைக்கு முன்பு: ஐந்தாறு மணி நேரம் தாண்டியும் விடாத வலி, குளிர் காய்ச்சல், கண் மஞ்சள், அடர்ந்த நிறத்தில் சிறுநீர், நிற்காத வாந்தி.

அறுவைக்குப் பின்பு: நாளுக்கு நாள் கூடும் வயிற்று வலி, காய்ச்சல், வயிறு உப்புதல், கண் மஞ்சள், வெளுத்த மலம், புண்ணில் சீழ். பித்தநீர்க் கசிவு இருந்தால் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே அறிகுறி தெரிந்துவிடும். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் கொஞ்சம் தேறியிருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் மறுபரிசோதனை நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. இரவானாலும் 108-ஐ அழையுங்கள்.

எங்கே, எந்த மாதத்தில்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் அனுமந்தைக்குத் தெற்கே புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. அனுமந்தை இருக்கும் மாவட்டத்துக்குள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை, ஆதார், பழைய ஸ்கேன் அறிக்கை எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அறுவைக்கு நீங்கள் போகும் இடத்தில் காப்பீடு செல்லுமா என்பதை, சேரும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மாநில எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போகும்போது இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

நாள் குறிக்கும்போது உப்பளத்தின் காலண்டரையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பாத்திகள் நீரில் மூழ்கி வேலை இருக்காது. வலி அடங்கியிருந்து, ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாமல், மருத்துவரும் காத்திருக்கலாம் என்று சொன்னால், மழை தொடங்கும்போதே அறுவையை முடித்துக்கொள்ளலாம். ஆறு வார ஓய்வும் வேலையில்லாத நாட்களுக்குள் அடங்கிவிடும். கூலியும் போகாது, புண்ணும் நன்றாக ஆறும். ஆனால் காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ விடாத வலியோ வந்துவிட்டால், உப்பு விளையும் சித்திரை வெயிலானாலும் அன்றைக்கே கிளம்ப வேண்டும். பாத்தியைப் பிறகும் வாரிக்கொள்ளலாம். கணையம் வீங்கிவிட்டால் அது காத்திருக்காது.